மூச்சுத் தளரும் வேளை: குருதி நஞ்சாதலும் மொன்றியலின் வைத்திய ஆய்வு வரலாறும்

கீ-கொன்கோடியா சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியேறி, கோட் டே நேஜ் செல்லும் 165ஆம் இலக்கப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் எம்மவர் பலர் அவ்விடத்தில் ஒரு வெண்பளிங்குச் சிலையைக் கண்டிருப்பர். பனிக்காலத்தில் அதன் தலையிலும் தோளிலும் பனி படிந்திருக்கும். கோடையில் புறாக்கள் அமர்ந்திருக்கும். அது சீன மக்கள் கனடாவுக்கு அன்பளிப்பாக வழங்கிய சிலை. நோர்மன் பெத்தியூன் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியரை அது குறிக்கின்றது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் போர்முனைக்கே குருதியைக் கொண்டுசென்று ஏற்றியவர் என்றும், சீனப் போர்க்களத்தில் உயிர் நீத்தவர் என்றும் நூல்கள் அவரைப் போற்றுகின்றன. ஆயினும் அவர் எவ்வாறு இறந்தார் என்பதை இந்நகரில் வாழும் எம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

1939ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், காயமுற்ற போர்வீரர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த வேளையில் பெத்தியூனின் விரலில் ஒரு வெட்டுக் காயம் ஏற்பட்டது. கையுறைகள் கிடைக்காத களம் அது. சில தினங்களில் விரல் வீங்கியது, கிருமி குருதியிற் கலந்தது, காய்ச்சல் ஏறியது. நவம்பர் 12ஆம் நாள், தமது 49ஆவது வயதில், அவர் காலமானார். குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பிய மனிதரை விரல்நுனிக் கீறல் ஒன்று கொண்டுசென்றது. அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்து அப்போது பதினோர் ஆண்டுகள் கடந்திருந்தன; எனினும் அது மருந்தாக நோயாளரின் கைக்கு எட்டுவதற்கு மேலும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவ்வாறு அவரைக் கொன்ற நோயையே இன்று வைத்தியர்கள் செப்சிஸ் என்பர். எமது ஊர்களில் அதனை 'இரத்தம் நஞ்சாகிவிட்டது' என்றோ 'கிருமி ஏறிவிட்டது' என்றோ கூறுவது வழக்கம். அந்நோயையும், அதனோடு கைகோத்து வரும் மூச்சுத் தளர்ச்சியையும் விளங்கிக்கொள்வதற்காக இதே மொன்றியல் நகரில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்ற முயற்சிகளின் வரலாற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் வைத்தியன் அல்லன்; வரலாறு கற்பித்த ஓர் ஆசிரியன். ஆயினும் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியிற் சொல்வேன்.

நோயின் இயல்பு

நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, வயிற்றினுள்ளோ, வெளிக்காயத்திலோ கிருமி தொற்றும்போது அதனை எதிர்ப்பதற்கு உடல் தன் காவற் படையை அனுப்புகின்றது. அப்படை பெரும்பாலும் தொற்று ஏற்பட்ட இடத்திலேயே போரை முடித்துக்கொள்ளும். சிலரிடத்தில் மட்டும் அப்போர் எல்லை கடந்து உடல் முழுவதும் பரவுகின்றது. குருதிக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றின் சுவர்களினூடாக நீர் கசிகின்றது, குருதியமுக்கம் வீழ்கின்றது, சிறுநீரகமும் ஈரலும் மூளையும் போதிய ஒட்சிசனின்றி வாடுகின்றன. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் நீர் புகுந்துவிட்டால், எத்தனை முறை மூச்சிழுத்தாலும் ஒட்சிசன் குருதியைச் சென்றடைவதில்லை. ஊரைக் காக்க வந்த படையே ஊருக்குத் தீ வைத்த கதை இதுவாகும். 2016ஆம் ஆண்டு வெளியான சர்வதேச வரைவிலக்கணமும், கட்டுக்கடங்காத உடலின் எதிர்விளைவால் உறுப்புகள் செயலிழக்கும் நிலையையே செப்சிஸ் எனக் குறிக்கின்றது.

இந்நோயின் பரப்பு பெரிது. 2017ஆம் ஆண்டுக்குரிய உலகக் கணிப்பு ஒன்று 2020இல் வெளியாயிற்று. அவ்வோராண்டில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு இந்நோய் ஏற்பட்டதென்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனரென்றும், உலகில் நிகழ்ந்த ஐந்து மரணங்களில் ஒன்று இதனோடு தொடர்புற்றதென்றும் அது தெரிவித்தது. இழப்பின் பெரும்பகுதி வறிய நாடுகளிலேயே நிகழ்ந்தது. இதனை விளக்க எமக்குப் புள்ளிவிபரம் வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது என் வகுப்பு மாணவன் ஒருவனின் பாதத்தில் ஆணி ஏறியது. மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலம். ஒரு கோயில் மடத்தில், ஆறாம் நாள், அவன் மூச்சு வாங்கி வாங்கி அடங்கினான். 'காய்ச்சல்' என்றே அவன் தாயார் எல்லோரிடமும் சொன்னார். அன்று எனக்கும் வேறு பெயர் தெரிந்திருக்கவில்லை.

கார்போலிக் அமிலமும் ஒட்சிசனும்

மொன்றியலில் இவ்வரலாறு 1877ஆம் ஆண்டளவில் தொடங்குகின்றது எனலாம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே ஜோசப் லிஸ்ரர் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை வைத்தியர், கார்போலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களையும் கருவிகளையும் தூய்மை செய்தால் சீழ்ப்பிடித்தலைத் தடுக்கலாம் எனக் காட்டியிருந்தார். அம்முறையை எடின்பரோவில் நேரிற் கண்டு கற்று, மொன்றியல் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தவர் தோமஸ் றொடிக். அதுவரை அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்ற பின்னரும் நோயாளர் காய்ச்சலால் மாள்வது வழமையாக இருந்தது. கிருமி உடலினுட் புகாமல் தடுப்பது முதற்படி. புகுந்துவிட்ட பின்னர் என்ன செய்வது என்ற வினாவுக்கு அன்று விடை இருக்கவில்லை.

அடுத்த படி மூச்சைப் பற்றியது. ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்ரன் நகரிற் பிறந்து மக்கில் பல்கலைக்கழகத்திற் கற்ற ஜொனதன் கம்பெல் மீக்கின்ஸ், முதலாம் உலகப் போரின் பின் எடின்பரோவிற் பணியாற்றினார். நச்சு வாயுவினால் நுரையீரல் வெந்த போர்வீரர்களை ஆராய்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். நியூமோனியா நோயாளரின் நாடியில் ஊசி செலுத்திக் குருதி எடுத்து, அதில் ஒட்சிசன் எவ்வளவு குறைந்துள்ளது என 1920களின் தொடக்கத்தில் அளந்து காட்டினார். ஒட்சிசன் கொடுத்தால் அவ்வளவு உயர்வதையும் காட்டினார். உதடு நீலமாயிற்றா என்று பார்த்து ஊகித்த காலம் போய், மூச்சின் குறையை எண்ணால் அளக்கும் காலம் பிறந்தது. 1924இல் மொன்றியலுக்குத் திரும்பிய மீக்கின்ஸ், றோயல் விக்ரோறியா வைத்தியசாலையில் ஆராய்ச்சியையும் சிகிச்சையையும் ஒரே கூரையின் கீழ் இணைத்தார். 1928இல் பெத்தியூன் வந்து சேர்ந்ததும் அதே வைத்தியசாலைக்கே. ஆகவே மூச்சைக் குறித்து அக்காலத்தில் நன்கு அறிந்திருந்த இடம் ஒன்றில் பணியாற்றியவரே பின்னர் குருதி நஞ்சாகி இறந்தார்.

அம்பு நஞ்சிலிருந்து அதிதீவிர சிகிச்சைக்கு

1942ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் மொன்றியல் ஹோமியோபதி வைத்தியசாலையில், அப்பெண்டிக்ஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞருக்கு ஹரோல்ட் கிறிபித் என்ற மயக்க மருந்து வைத்தியர், ஈனிட் ஜோன்சன் என்ற இளம் வைத்தியரின் துணையோடு, குராரே என்னும் பொருளைச் செலுத்தினார். தென் அமெரிக்கப் பழங்குடியினர் தம் வேட்டை அம்புகளில் தடவும் நஞ்சு அது. தசைகளை முற்றாகத் தளரச் செய்யும் வல்லமை அதற்கு உண்டு. தசை தளர்ந்தால் மூச்சும் தளரும். எனவே அம்மருந்தைக் கையாளும் வைத்தியர் நோயாளருக்காகத் தாமே மூச்சு விடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தொண்டையினூடே குழாய் செலுத்திப் பையை அமுக்கிக் காற்றூட்டும் வித்தை இவ்வாறு அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் அன்றாடத் தொழிலாக வளர்ந்தது.

அவ்வித்தை கூடத்தை விட்டு நோயாளர் விடுதிக்கு வந்தது 1952இல் ஆகும். அவ்வாண்டு டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பெருந்தொற்றாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்தோருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தனர். பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திற் துளையிட்டுக் குழாய் பொருத்திப் பையால் காற்றூட்டிக் காப்பாற்றினார். போதிய இயந்திரங்கள் இல்லாத காரணத்தால் ஏறத்தாழ 1500 மருத்துவ, பல்வைத்திய மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளரின் அருகமர்ந்து கையால் பையை அமுக்கினர். இறப்பு பாதிக்கும் கீழே வீழ்ந்தது. மூச்சு நிற்கக்கூடிய நோயாளரை ஓரிடத்திற் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் இடையறாத கண்காணிப்பு வழங்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு அவ்வனுபவத்திலிருந்தே பிறந்தது. இன்று நாம் அங்கு காணும் இயந்திரம் செய்வது அம்மாணவர்களின் கைகள் செய்த வேலையையே.

1967: ஐம்பத்தாறு நோயாளர்

நோயாளரை உயிரோடு வைத்திருக்க முடிந்த பின்னரே அவர்களின் நோயை நின்று நிதானித்துக் கற்க முடிந்தது. 1967ஆம் ஆண்டில் இரு முக்கிய கட்டுரைகள் வெளியாயின. ஒன்று அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து வந்தது. வெவ்வேறு காரணங்களால் நோயுற்ற 12 பேரின் நுரையீரல்கள் ஒரே விதமாக இறுகி, ஒட்சிசனை ஏற்க மறுத்ததை அது விபரித்தது. மற்றையது மொன்றியல் றோயல் விக்ரோறியா வைத்தியசாலையிலிருந்து வந்தது. அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர் லொயிட் மக்லீனும் அவர்தம் துணைவரும், செப்சிஸ் முற்றிக் குருதியமுக்கம் வீழ்ந்த 56 நோயாளரை ஒவ்வொருவராக அளந்து ஆராய்ந்திருந்தனர்.

அதுவரை, குருதியமுக்கம் வீழ்ந்தவர் யாவரும் கைகால் குளிர்ந்து, இதயம் சோர்ந்து காணப்படுவர் என்ற கருத்தே மேலோங்கியிருந்தது. மொன்றியல் ஆய்வு இரு வேறு தோற்றங்களைப் பிரித்துக் காட்டியது. உடலில் நீர்ச்சத்துக் குறையாதிருந்த நிலையில் தொற்று ஏற்பட்டவரின் கைகால்கள் சூடாகவே இருந்தன. இதயம் வழமையிலும் மிகுதியாகக் குருதியைப் பாய்ச்சியது. மூச்சு வேகமாக ஓடியது. முன்னரே நீர்ச்சத்து இழந்திருந்தவரோ குளிர்ந்து நீலம் பாய்ந்து காணப்பட்டார். ஆகவே சூடான கையைத் தொட்டுப் பார்த்து 'பயமில்லை' என ஆறுதல் கொள்வது தவறாகலாம் என்பதும், இழந்த நீரை ஈடு செய்வது உயிர் காக்கும் என்பதும் தெளிவாயின. அதே வைத்தியசாலையில் 1970களில், முதல் மீக்கின்ஸின் பேரனான மற்றொரு ஜொனதன் மீக்கின்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியர், தோலில் ஊசியால் இடும் எளிய சோதனை ஒன்றைக் கொண்டு, எதிர்ப்புச் சக்தி உறங்கிவிட்ட நோயாளரை இனங்காண முடியும் என்றும், அவர்களே செப்சிஸுக்கு அதிகம் இரையாகின்றனர் என்றும் காட்டினார்.

களைத்துப்போகும் தசை

1972ஆம் ஆண்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் மீக்கின்ஸ்-கிறிஸ்ரி ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. ஜொனதன் மீக்கின்ஸும், 1955இல் பிரித்தானியாவிலிருந்து வந்து மக்கில் வைத்தியத் துறையைத் தலைமை தாங்கிய றொனால்ட் கிறிஸ்ரியும் அப்பெயருக்கு உரியவர்கள். அதன் முதற் பணிப்பாளர் பீற்றர் மக்லெம். பின்னர் அப்பொறுப்பை ஏற்ற ஜோசப் மிலிக்-எமிலி இன்றைய சுலொவேனியாவிற் பிறந்து இத்தாலியிற் கற்றவர். கிரேக்க நாட்டவரான கரிஸ் றூசோஸும் பிரான்சிலிருந்து வந்த மிஷேல் ஓபியேயும் அங்கு பணியாற்றினர். பிறநாடுகளிலிருந்து வந்தோரின் உழைப்பினால் இந்நகர் பெற்ற புகழ்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

அவர்கள் எழுப்பிய வினா எளிமையானது: மூச்சு ஏன் நிற்கின்றது? நுரையீரல் பழுதடைவதால் என்பதே வழமையான விடை. அவர்களோ நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடு என்னும் தசையின் மீது கண்ணைச் செலுத்தினர். நெடுந்தூரம் மூட்டை சுமந்தவனின் கால்கள் தளர்வதைப் போல் அத்தசையும் களைத்துப்போகும் என்பதை 1977இல் றூசோஸும் மக்லெமும் ஆரோக்கியமான மனிதரிடத்திலேயே நிறுவினர். தன் உச்ச வலிமையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் ஒவ்வொரு மூச்சிலும் செலவிட நேர்ந்தால் அத்தசை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க மாட்டாது.

தொடர்ந்து நாய்களில் நடைபெற்ற பரிசோதனைகள் இக்கருத்தை அதிர்ச்சி நிலைக்குப் பொருத்திப் பார்த்தன. இதயத்தின் பாய்ச்சல் குறைக்கப்பட்ட நாய்களுள், தாமே மூச்சுவிட விடப்பட்டவை சில மணி நேரத்தில் மூச்சுத் தளர்ந்து இறந்தன. இயந்திரத்தால் காற்றூட்டப்பட்டவை அதே நேரத்தில் உயிரோடிருந்தன. 1983இல் வெளியான ஆய்வு காரணத்தை வெளிப்படுத்தியது. போராடி மூச்சுவிடும் விலங்கில், இதயம் அனுப்பும் குருதியின் நூற்றுக்கு 21 பங்கை மூச்சுத் தசைகளே உண்டுவிடுகின்றன. இயந்திரம் அவ்வேலையை ஏற்றால் அது 3 பங்காகக் குறைகின்றது; மிஞ்சிய குருதி மூளைக்கும் ஈரலுக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் கிடைக்கின்றது. கிருமி நஞ்சால் ஏற்படும் அதிர்ச்சியிலும் மூச்சுத் தசையின் களைப்பே மூச்சு நிற்கக் காரணமாகலாம் என 1985இல் மற்றுமோர் மொன்றியல் ஆய்வு காட்டியது. வறுமையுற்ற குடும்பத்தில் ஒருவர் மட்டும் சோற்றின் பெரும்பங்கை உண்டால் மற்றையோர் பட்டினி கிடப்பதற்கு இது ஒப்பாகும்.

எம்மவர் பலர், 'மெஷினில் போட்டுவிட்டார்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதென எண்ணுகின்றனர். அவ்விளக்கம் பிழையானது. களைத்த தசைக்கு ஓய்வு அளித்து, கிடைக்கும் குருதியை ஏனைய உறுப்புகளுக்குத் திருப்பிவிடுவதும் அவ்வியந்திரத்தின் பணியாகும். அதனை இவ்வாறு உலகுக்கு விளக்கியவர்கள் இந்நகரத்தார்.

நன்மை எண்ணிச் செய்தவையும் தீமையாகலாம்

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. உயிர் காக்கும் இயந்திரமே நுரையீரலைக் காயப்படுத்தவும் கூடும். நோயாளரின் குருதியில் வாயுக்களின் அளவைச் சீராக்க வேண்டுமென்று வைத்தியர்கள் நீண்ட காலம் பெருமூச்சுகளையே இயந்திரத்தால் ஊட்டி வந்தனர். 2000ஆம் ஆண்டில் 861 நோயாளரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியாயிற்று. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லிலீற்றர் வீதம் காற்றூட்டப்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். 6 மில்லிலீற்றர் பெற்றோரில் 31 பேரே இறந்தனர். சிறு மூச்சு பெரு மூச்சிலும் பாதுகாப்பானது என்பதை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அறிய முடிந்தது.

விற்றமின் சியின் கதை இதனிலும் படிப்பினை மிக்கது. 2017இல் வேர்ஜீனியா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றில், விற்றமின் சி உள்ளிட்ட மருந்துக் கலவையைப் பெற்ற 47 செப்சிஸ் நோயாளரின் இறப்பு, அதற்கு முன்னைய 47 பேரின் இறப்பிலும் பன்மடங்கு குறைந்ததென ஓர் அறிக்கை வெளியானது. தோடம்பழத்திலும் நெல்லியிலும் உள்ள சத்து யாருக்குத் தீங்கு செய்யப்போகின்றது என்று பலர் எண்ணினர். எமது கியூபெக் மாகாணத்தின் ஷேர்புறூக் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் அதனை முறைப்படி சோதித்தனர். 2022இல் வெளியான முடிவின்படி, 872 நோயாளர் திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். விற்றமின் சி ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 44.5 பேர், 28ஆம் நாளளவில் இறந்தோ உறுப்புச் செயலிழப்பு நீடித்தோ இருந்தனர். பெறாதோரில் அது 38.5 ஆகவே இருந்தது. அச்சோதனை நடைபெறாதிருந்தால் நல்லெண்ணத்தோடு அம்மருந்து இன்றும் பலருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். மறுபுறத்தில், 2020இல் கொவிட் பெருந்தொற்றின்போது, டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து இயந்திரச் சுவாசத்திலிருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்ததென்பதும் இதே முறையினாலேயே அறியப்பட்டது.

ஒரு கையொப்பம்

இனி நான் இவ்வரலாற்றைத் தேடிய காரணத்தைக் கூறுகிறேன். 2011ஆம் ஆண்டு மாசி மாதம் என் அத்தான் நியூமோனியா முற்றிச் செப்சிஸ் ஏற்பட்டு, இந்நகர வைத்தியசாலை ஒன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடந்தார். இரண்டாம் நாள் மாலை ஆய்வுத் தாதி ஒருவர் பல பக்கங்கள் கொண்ட படிவம் ஒன்றை என் அக்காவிடம் நீட்டினார். அக்காவுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் போதாது. மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. அவளே படித்துச் சொன்னாள். 'மாமாவைச் சோதனைக்கு எடுக்கக் கேட்கினம்' என்று அப்பிள்ளை சொன்னபோது அவள் குரல் நடுங்கியது.

அக்கா என் முகத்தைப் பார்த்து, 'தம்பி, நீ படிச்சவன், நீ சொல்லு' என்றார். அகதிகளாக வந்த எம்மை எலிகளாகப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள் என்ற ஐயமே முதலில் எனக்குத் தோன்றியது. 'வேண்டாம்' என்றேன். தாதி முகம் கோணாமல் தலையசைத்துச் சென்றார். பன்னிரண்டு நாட்களின் பின் அத்தான் காலமானார்.

சம்மதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என நான் கூறவில்லை. சோதிக்கப்பட்ட மருந்து நன்மையா தீமையா என்பது தெரியாதிருந்ததனாலேயே சோதனை நடந்தது. அவருக்கு அம்மருந்து கிடைத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. மறுப்பது எமது உரிமை. அதற்காக நான் வருந்தவில்லை. எதை மறுக்கிறேன் என்று அறியாமலே மறுத்தேன் என்பதும், பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் அச்சுமையை ஏற்றினேன் என்பதுமே என் மனதை இன்றும் அறுக்கின்றன. அக்கா இதுவரை அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

வாசகர் அறிய வேண்டியவை

கியூபெக் குடியியற் சட்டக்கோவை 1994ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தன் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாத வயதுவந்தவருக்கு நியமிக்கப்பட்ட சட்டப் பிரதிநிதி இல்லையெனில், அவரின் சிகிச்சைக்கு வாழ்க்கைத் துணைவரும், துணைவர் இல்லாதவிடத்து நெருங்கிய உறவினரும் சம்மதம் வழங்கலாம். திடீரென நினைவிழந்தவர் விரைந்து தொடங்க வேண்டிய ஆய்வு ஒன்றுக்குத் தகுந்தவராயின், சட்டப் பிரதிநிதியை நியமிக்க அவகாசமில்லாதவிடத்து, சிகிச்சைக்குச் சம்மதம் வழங்கக்கூடியவரே ஆய்வுக்கும் சம்மதம் வழங்கலாம். அத்தகைய ஆய்வை அறநெறிக் குழு ஒன்று முன்னரே ஆராய்ந்து அங்கீகரித்திருக்க வேண்டும். வழங்கிய சம்மதத்தை எவ்வேளையிலும், வாய்மொழியாகவேனும், மீளப்பெறலாம். மறுத்தால் வழமையான சிகிச்சை குறையாது.

எனவே படிவம் நீட்டப்படும்போது சில வினாக்களைத் தயங்காமற் கேளுங்கள். சோதிக்கப்படுவது எது? அது இல்லாவிடின் நோயாளருக்குக் கிடைக்கும் சிகிச்சை யாது? யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது எவ்வாறு? அறிந்த ஆபத்துகள் எவை? எவ்வளவு நேரத்துள் பதில் கூற வேண்டும்? தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையிடமே கோருங்கள். நேரில் வர இயலாவிடின் தொலைபேசி வாயிலாகவேனும் கோருங்கள். பிள்ளைகளை அப்பணிக்கு அமர்த்தாதீர்கள்.

நோயின் அறிகுறிகளையும் வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தல் நன்று. தொற்று உள்ள ஒருவருக்கு மூச்சு வேகமாகுமாயின், பேச்சுத் தடுமாறுமாயின், சிறுநீர் வெகுவாகக் குறையுமாயின், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுமாயின், விடியும்வரை காத்திராது 911 இலக்கத்தை அழையுங்கள். முதியோரில் காய்ச்சல் இன்றியும் இது வரலாம். ஊரிலுள்ள உறவுகளுக்கும் சொல்லுங்கள். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது அது எலிக்காய்ச்சல் எனக் கண்டறியப்பட்டது. வெள்ள நீரில் நடந்த ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் முதல் நாளிலேயே வைத்தியரை நாடுவது உயிர் காக்கும்.

மொழியைப் பற்றிய ஒரு வரலாற்றுச் செய்தியோடு நிறைவு செய்கிறேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் எனத் துணிந்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். பிறநாட்டார் ஒருவர் எம் மொழியைக் கற்று எமக்கு வைத்தியம் சொல்லித் தந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இந்நகரில் இன்று வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் எம் பிள்ளைகள் பலர் பணியாற்றுகின்றனர். அவர்கள் மாதம் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, இப்படிவங்களில் வரும் சொற்களை எளிய தமிழில் எழுதித் தருவார்களாயின், அவற்றை ஒழுங்குபடுத்தி நகல் எடுத்து வீடுகளுக்குச் சேர்ப்பிக்கும் பணியை என்னைப் போன்ற பழைய ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வோம். விரும்புவோர் இப்பத்திரிகை அலுவலகத்திற்கு எழுதுவார்களாக.